ஹைபிரிட் காரோடு திருகோணமலையிலிருந்து வீடு மாறுவது: இழுப்பதும் ஏற்றுவதும் இழுபடுவதும்

இடமாற்றக் கடிதம் கைக்கு வந்துவிட்டால் திருகோணமலையில் ஆசிரியர் வீட்டிலும் வங்கி ஊழியர் வீட்டிலும் ஒரே பேச்சுத்தான்: சாமானை எப்படிக் கொண்டுபோவது? வாசலில் அக்குவாவோ பிரியஸோ, டொயோட்டாவின் ஹைபிரிட் கார் ஒன்று, அதாவது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற கார், நிற்கும். லொறிக்காரர் கேட்கிற கூலியைக் கேட்டதும், "சின்ன ட்ரெய்லர் ஒன்றைப் பூட்டி நாங்களே இழுத்துக்கொண்டு போனால் என்ன?" என்ற யோசனை வீட்டில் யாருக்காவது வந்தே தீரும். கராஜில் கேட்டால், "இழுக்கும் அண்ணா, பயப்படாதீங்க" என்பார்கள். இழுக்கும்தான், அதில் பொய்யில்லை. கொழும்பு போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கார் என்ன நிலையில் இருக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து வந்த சிறிய ஹைபிரிட் காரைக் கொண்டு ட்ரெய்லர் இழுக்க வேண்டாம். பாரமானதெல்லாம் லொறியில் போகட்டும். காரில் ஆட்கள், ஆவணங்கள், உடையக்கூடிய சில சாமான்கள், அவ்வளவுதான். வழியில் கார் நின்றுபோனாலும் கண்டபடி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இந்த இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே: பெரும்பாலான ஹைபிரிட்டுகளில் சில்லும் மின்மோட்டரும் பிரிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கின்றன.

1. எடைக் கணக்கைப் போடுங்கள்

காரோடு வந்த ஜப்பானியப் பத்திரத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: வெறும் வாகனத்தின் எடை, மொத்த எடை. முதல் தலைமுறை அக்குவாவின் எஸ் கிரேட்டுக்கு அவை 1080 கிலோ, 1355 கிலோ. வித்தியாசம் 275. ஜப்பானில் ஓர் ஆளுக்கு 55 கிலோ என்று கணக்கு வைப்பார்கள். ஐந்து பேருக்கு 275. அதைவிடப் பெரிய மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் இதே 275தான். சாமானுக்கென்று அந்தக் கணக்கில் தனியாக எதுவும் ஒதுக்கப்படவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். அப்பா 75, அம்மா 65, மூத்த பிள்ளை 45, இளையது 30. கூட்டினால் 215. மிச்சம் 60 கிலோ. ஏ4 தாள் கட்டு ஒன்றே இரண்டரைக் கிலோ. ஆசிரியர் வீட்டுப் புத்தகங்களை ஒரு பெட்டியில் அடுக்கித் தூக்கிப் பாருங்கள், 20 கிலோ சாதாரணமாக வரும். அப்படி மூன்று பெட்டி வைத்தால் கணக்கு முடிந்தது. பிரிட்ஜ், தையல் மெசின் எல்லாம் கனவு. ட்ரெய்லர் பூட்டினால் அதன் மூக்கு காரின் பின்பக்கத்தை அமுக்கும் பாரமும் இந்த 60க்குள் அடங்க வேண்டும்.

"ஐரோப்பாவில் பிரியஸ் ட்ரெய்லர் இழுக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். நான்காம் தலைமுறை பிரியஸுக்கு ஐரோப்பாவில் 725 கிலோ வரை, ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தால், அனுமதி உண்டு. அதே தலைமுறைக் காரை அமெரிக்காவில் விற்றபோது இழுவைக்குப் பாவிக்க வேண்டாம் என்று டொயோட்டாவே சொன்னது. எந்த நாட்டுக்காக, எந்தக் கொக்கியோடு அனுமதித்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. எங்கோ பார்த்த எண்ணை உங்கள் வாசலில் நிற்கிற ஜப்பான் இறக்குமதிக் காருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். உங்கள் காரின் கையேட்டில் இழுவை எடை என்று ஒன்று இல்லாவிட்டால், அதன் விடை பூச்சியம்.

2. உள்ளே என்ன நடக்கிறது

டொயோட்டா ஹைபிரிட்டுகளில் சாதாரணக் காரில் உள்ளதுபோல் கிளச் இல்லை, மாறுகிற கியர்களும் இல்லை. ஒரு பற்சக்கரத் தொகுதி; அதோடு எஞ்சினும் இரண்டு மோட்டர்களும் இணைந்திருக்கும். அந்த இரண்டில் பெரிய மோட்டர் முன்சில்லுகளோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. சில்லு சுற்றினால் அதுவும் சுற்றும். கியரை 'என்'னில், அதாவது நியூட்ரலில், போட்டாலும் சுற்றும், காரை நிறுத்தி இறங்கிப் போன பிறகு யாராவது தள்ளினாலும் சுற்றும்.

பாரம் இழுக்கும்போது இந்த மோட்டரும் அதற்கு மின்சாரம் கொடுக்கிற இன்வேர்டரும்தான் முதலில் சூடேறும். பற்றரியோ சிறியது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் இருப்பது 201.6 வோல்ட் நிக்கல் பற்றரி, கொள்ளளவு 1.3 கிலோவாட் மணிதான். ஊருக்குள் ஓடி நின்று ஓடும்போது அது போதும். நீண்ட ஏற்றத்தில் பாரத்தோடு மிதித்தால் கொஞ்ச நேரத்தில் அது அடியில் இறங்கிவிடும். அதன் பிறகு எஞ்சின் தனியாளாக இழுக்க வேண்டியதுதான். அக்குவாவுக்கு 100 குதிரை வலு என்று சொல்வது இரண்டையும் சேர்த்து. எஞ்சினின் பங்கு 74தான். வீட்டுச் சாமானும் நான்கு பேரும் ஒரு ட்ரெய்லரும் அந்த 74ஐ நம்பி ஏற்றம் ஏறினால் எஞ்சின் போடுகிற சத்தத்தை வைத்தே நிலைமையை விளங்கிக்கொள்ளலாம்.

ஹொண்டா வெசல், ஃபிட், கிரேஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. 2013ஐ ஒட்டி வந்த அந்த வரிசையில் ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளச் பெட்டி இருக்கிறது; கிளச் உலர்ந்த வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனாலோ ஏற்றத்தில் பிரேக்கை விட்டு அக்சிலேட்டரால் பிடித்து நின்றாலோ கிளச் தேய்ந்து சூடேறும். வெறுங்காரிலேயே அது மலைப்பாதையில் எச்சரிக்கை காட்டுவது உண்டு. அதற்குப் பின்னால் ட்ரெய்லர் வேண்டுமா? சுசுகி வேகன் ஆர்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. 658 சிசி எஞ்சினை அதன் பாட்டில் விடுங்கள்.

3. இழுத்தே ஆகவேண்டும் என்றால்

ராவ்4 ஹைபிரிட் போன்ற பெரிய வாகனம் வைத்திருந்து, கையேட்டில் இழுவை எடையும் எழுதியிருந்தால் கதை வேறு. ஐரோப்பாவில் நாற்சில்லு இயக்க ராவ்4 ஹைபிரிட்டுக்கு 1650 கிலோ, முன்சில்லு இயக்கத்துக்கு 800 கிலோ என்று கொடுத்திருந்தார்கள். ஒரே கார்தான், ஆனால் பாதிக்கும் குறைவு. எந்த வகை என்று பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

கொக்கியை வாகனத்தின் சட்டகத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பின் பம்பருக்குள் இருக்கிற மெல்லிய தகட்டில் ஒட்டவைத்துத் தருகிற வேலை இழுவைக்கு ஆகாது. டூல்ஸ் பையோடு வரும் திருகு கொக்கியை ட்ரெய்லருக்குப் பாவிக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூடாது. அது கார் சேற்றில் புதைந்தால் வெளியே எடுக்க. ட்ரெய்லரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். வள்ளம் ஏற்றுகிற ட்ரெய்லரையோ லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு மெசினின் பெட்டியையோ கடன் வாங்கிப் பூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கினால் விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான்.

பாரத்தில் பாதிக்குச் சற்று அதிகமானது அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வாலாட்டினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள்; அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

4. லொறியைப் பிடியுங்கள்

இரண்டு அறைச் சாமானுக்கு டிமோ பட்டா என்ற சின்ன லொறி ஒன்று போதும். கட்டில், அலுமாரி, பிரிட்ஜ், சாப்பாட்டு மேசை என்று முழு வீடாக இருந்தால் கன்டர் போன்ற லொறி பிடியுங்கள். பட்டாவில் இரண்டு நடை போவதைவிட அது மலிவு.

கூலியைக் குறைக்க ஒரு வழி, திரும்பிப் போகிற லொறியைப் பிடிப்பது. கொழும்பிலிருந்து கடைச் சாமானும் தம்புள்ளையிலிருந்து மரக்கறியும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வருகிற லொறிகள் பல வெறுமையாகவே திரும்புகின்றன. மொத்த விற்பனைக் கடைகளில் விசாரித்தால் ஆள் கிடைக்கும். சீனன்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் இருப்பதால் இங்கிருந்து பாரத்தோடு வெளிக்கிடுகிற லொறிகளும் ஏராளம். அவற்றில் இடம் கேட்டுப் பயனில்லை. மரக்கறி லொறியானால் தட்டைக் கழுவிக் காயவிட்டு, தறப்பாளை விரித்த பிறகுதான் மெத்தையை ஏற்றுங்கள். வெங்காய மணம் மெத்தையிலிருந்து லேசில் போகாது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எங்கள் பக்கம் மழைக்காலம் என்பதால் மேலே மூடுவதற்கும் ஒரு தறப்பாள் வேண்டும்.

மோட்டார் சைக்கிளைக் காரோடு எப்படியாவது கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். லொறியில் நிறுத்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ரயில் நிலையத்தில் பார்சல் பிரிவில் விசாரியுங்கள்.

5. காருக்குள் அடுக்குவது

வீடு மாறும் நாளில் ஹைபிரிட் காருக்குப் பெரிய கெடுதல் நடப்பது இந்த இடத்தில்தான், அதுவும் யாருக்கும் தெரியாமல்.

பின் சீட்டுப் பக்கம் குனிந்து பாருங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸில் சீட்டின் ஓரத்தில், கதவுக்குப் பக்கமாக, சிறு சல்லடை போட்ட ஒரு துவாரம் இருக்கும். அக்குவாவில் அது சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் பக்கம். பார்ப்பவர்கள் அதை ஸ்பீக்கர் என்றோ ஏசிக் காற்று வருகிற இடம் என்றோ நினைப்பார்கள். பெரிய பற்றரி மூச்சு விடுவது அந்த ஓட்டையால்தான். காருக்குள் இருக்கிற ஏசிக் குளிரை உறிஞ்சி பற்றரிக் கலங்களுக்கு நடுவே அனுப்ப உள்ளே ஒரு விசிறி இருக்கிறது. வீடு மாறும்போது நாங்கள் செய்வது என்ன? தலையணை, போர்வை, உடுப்பு மூட்டை எல்லாவற்றையும் பின் சீட்டில் திணிக்கிறோம். ஒரு போர்வை நுனி அந்தச் சல்லடையில் ஒட்டினால் போதும், காற்று நின்றுவிடும். வெளியே 35 பாகை வெயில், உள்ளே பற்றரி வேகும். சூடுதான் இந்தப் பற்றரிகளின் ஆயுளைத் தின்கிறது.

ஆகவே துவாரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். மென்மையான எதையும் அந்தப் பக்கம் வைக்காமல், கனமான பெட்டி ஒன்றை அசையாதபடி வைத்து எல்லை போட்டுவிட்டால் வளைவில் மூட்டை சரிந்துவந்து மூடாது. பூனையோ நாயோ காரில் வந்தால் அதன் முடி நேரே இந்தச் சல்லடைக்குத்தான் போகும். அங்கே உட்கார வைக்காதீர்கள். பின்னால் ஆளில்லை என்பதற்காக ஏசியை நிறுத்திவிட்டு கண்ணாடியை இறக்கி ஓட்டுவதும் வேண்டாம். பற்றரிக்கும் ஏசி வேண்டும்.

கனமானவை கீழே, பின் சீட்டின் முதுகோடு ஒட்டி. டிக்கியின் கடைசிக் கோடியில் பாரம் வைத்தால் முன்சில்லின் பிடி குறையும். இழுக்கிற சில்லும் பிரேக்கில் மின்சாரம் சேர்க்கிற சில்லும் அதுதான். கூரையில் மெத்தை கட்டுவதை விட்டுவிடுங்கள். காஸ் சிலிண்டரைப் பூட்டிய காருக்குள் ஏற்றவே கூடாது, அது திறந்த லொறியில் நிமிர்ந்து நின்று போகட்டும். சாமான் ஏற்றுவதற்கு முன் டயர்க் காற்றை, சாரதி கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். ஸ்பெயார் சில்லுக்குப் பதிலாகக் காற்றடிக்கும் பம்பி மட்டும் இருக்கிற கார் என்றால் அதை டிக்கியின் அடியில் புதைத்துவிடாதீர்கள்.

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், இடமாற்றக் கடிதம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அலுமாரி லாச்சிக்குள் வைத்து லொறியில் அனுப்பிவிட்டு கந்தளாயில் பொலிஸிடம் விளக்கம் சொல்ல நிற்கக் கூடாது.

6. புறப்படுவதற்கு முந்திய கிழமை

பற்றரி விசிறியையும் சல்லடையையும் கழற்றித் துப்பரவு செய்யச் சொல்லுங்கள். கடற்கரையை ஒட்டி வாழ்கிற எங்களுக்கு உப்புக் காற்றால் பற்றரி இணைப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடிப்பதும் உண்டு. ஹைபிரிட் வேலை தெரிந்தவர் திறந்து பார்க்கட்டும். செம்மஞ்சள் நிறக் கம்பியில் நீங்களாகக் கை வைக்காதீர்கள், அதில் ஓடுவது உயிரைக் குடிக்கிற மின்சாரம்.

பொனட்டைத் திறந்தால் கூலன்ட் தொட்டிகள் இரண்டு தெரியும். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேர்டருக்கு. இரண்டாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை. கார் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, காரை ரெடியில், அதாவது ஓட்டத் தயாரான நிலையில், போட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். பிரியஸில் பம்பி வேலை செய்தால் கூலன்ட் சலசலவென்று அசையும். அசைவே இல்லாமல் குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு கராஜுக்குப் போங்கள்.

சின்னப் பற்றரி, அதாவது 12 வோல்ட், பழையதானால் மாற்றிவிடுங்கள். ஹைபிரிட் காரை உயிர்ப்பிப்பது அதுதான். மூன்றாம் தலைமுறை பிரியஸில் அது டிக்கிப் பக்கம், அக்குவாவில் பின் சீட்டுக்கு அடியில். வழியில் அது செத்தால் அதன்மேல் அடுக்கிய சாமான் முழுவதையும் தெருவோரம் இறக்க வேண்டிவரும் என்று பயப்படத் தேவையில்லை. ஜம்பர் கம்பி கொடுப்பதற்கு பொனட்டுக்கு உள்ளே பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட முனை ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவையுங்கள்.

7. வழியில்

கொழும்புப் பக்கம் போகிறவர்கள் ஏ6 வழியாகக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போவார்கள். குருநாகலிலிருந்து மீரிகம வரை 2022 ஜனவரியில் திறந்த அதிவேகப் பாதை இருக்கிறது. யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவில் ஏ9ஐப் பிடிப்பார்கள்; அது பெரும்பாலும் சமதரை, ஹைபிரிட்டுக்குச் சுகமான பாதை.

விடியற்காலையில் வெளிக்கிடுவது நல்லதுதான், ஆனால் இருட்டோடு வேண்டாம். நகருக்குள்ளேயே மான்கள் றோட்டில் நிற்கும், அதைத் தாண்டினால் கட்டாக்காலி மாடுகள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவே யானை. ஹொரவப்பொத்தானைப் பக்கமும் அப்படித்தான். வெளிச்சம் வந்த பிறகு அந்தப் பகுதிக்குள் நுழையும்படி நேரத்தை வையுங்கள். மெதுவாக ஊர்கிற ஹைபிரிட் சத்தமே போடாது என்பதால் மாட்டுக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது.

ஊருக்குள் 50, வெளியே 70 என்ற வேக எல்லை பாரத்தோடு போகிற காருக்குப் பொருத்தமானதே. கண்டிக்குத் திரும்புகிறவர்கள் மாத்தளை தாண்டிய ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் மோட்டரால் மின்சாரம் சேர்க்க முடியாது, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கில் விழும். டொயோட்டாவானால் அதற்கு முன்பே கியரை 'B' என்ற நிலையில் போடுங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சமதரைக்கு 'B' வேண்டாம், வீணாகப் பெற்றோல் போகும்.

இறக்கத்தில் என்னில் போட்டு உருட்டினால் பெற்றோல் மிச்சம் என்பது பழைய லொறிச் சாரதிகளின் பழக்கம். ஹைபிரிட்டில் அது இரட்டை நட்டம். என்னில் பற்றரி சார்ஜ் ஆகாது, மோட்டர் பிரேக்கும் கிடைக்காது. நெரிசலில் நிற்கும்போதும் 'D'யிலோ பார்க்கிலோ ('P') வையுங்கள்.

கந்தளாயில் சட்டித் தயிருக்கு நிறுத்தினால் காரை நிழலில் விடுங்கள். வெயிலில் பூட்டி வைத்தால் திரும்பி வந்ததும் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, ஏசி குளிர்ந்த பிறகு ஓட்டுங்கள்.

8. கார் நின்றுபோனால்

சிவப்பு முக்கோணமோ ஹைபிரிட் எச்சரிக்கையோ வந்து கார் நின்றால், உதவிக்கு வருகிறவர் கையில் முதலில் இருப்பது கயிறு. உழவு மெசினோ பட்டாவோ வந்து, "கட்டுங்க, ஹபரணை வரைக்கும் இழுத்து விடுறம்" என்பார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். முன்சில்லுகள் தரையில் உருண்டால் மோட்டரும் சுற்றும். பழுதான அமைப்புக்குள் மின்சாரம் உற்பத்தியாகும், இருக்கிற பழுது பெரிதாகும், தீப்பிடிக்கவும் கூடும்.

சரியான வழி, காரை முழுதாக மேலே ஏற்றுகிற தட்டையான காரியர். அது கிடைக்காவிட்டால் முன்சில்லுகளைத் தூக்கி இழுக்கிற வாகனம். பின்சில்லுகளை மட்டும் தூக்கி முன்சில்லை உருட்டுவது கயிறு கட்டுவதற்குச் சமம். எக்ஸ்ட்ரெயில் போன்ற நாற்சில்லு இயக்கமானால் நான்கு சில்லும் தரையை விட்டு எழ வேண்டும். தொலைபேசியில் காரியரைக் கூப்பிடும்போதே "ஹைபிரிட், முழுதாக ஏற்ற வேண்டும்" என்று சொல்லுங்கள்.

யானை நடமாடும் இடத்தில், இருட்டுகிற நேரத்தில் நின்றுவிட்டால்? அந்த அவசரத்துக்குக் கயிறு கட்டலாம். பிரியஸ் கையேடும் தார் றோட்டில், குறுகிய தூரம், மணிக்கு 30 கிலோமீற்றருக்குக் குறைவாக என்று அனுமதிக்கிறது. பக்கத்துச் சந்தி வரை, அவ்வளவே. பவர் சுவிட்ச் ஓனில், கியர் என்னில், ஹாண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கைப் பலமாக மிதிக்க வேண்டிவரும். முன்னால் போகிறவரிடம் அதைச் சொல்லிவையுங்கள். 12 வோல்ட் முற்றாகச் செத்திருந்தால் கார் பார்க்கிலிருந்து வெளியே வராது. முதலில் ஜம்பர் கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும், பூட்டிய சில்லை இழுத்துத் தேய்க்கக் கூடாது.

காரியரில் ஏற்றும்போது சங்கிலியையும் பட்டியையும் எங்கே மாட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காருக்கு அடியாலும் அந்தச் செம்மஞ்சள் கம்பி போகிறது. சில்லைச் சுற்றிக் கட்டுகிற பட்டிதான் பாதுகாப்பானது. ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். உள்ளே இருக்கும் சாமானோடு ஏற்றலாமா என்று காரியர்க்காரரிடமும் காப்புறுதியிடமும் கேட்டுவிட வேண்டும். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

9. போய்ச் சேர்ந்த பிறகு

நீங்கள் லொறியோடு முன்னே போய், காரைத் திருகோணமலையில் விட்டுவைத்துப் பிறகு எடுப்பதானால், கிழமைக்கு ஒரு தடவை யாராவது ரெடியில் போட்டு அரை மணி நேரம் வைக்கட்டும். கியர் பார்க்கில் இருக்க வேண்டும். வெறுமனே ஓனில் போட்டு ரேடியோ கேட்டால் 12 வோல்ட் இறங்கிவிடும்.

காரோடு போய்ச் சேர்ந்தவர்கள் சாமான் இறக்கியதும் பற்றரிச் சல்லடையைத் துடையுங்கள். மூட்டைகளின் பஞ்சும் தூசியும் கட்டாயம் ஒட்டியிருக்கும். மறுநாள் காலை, கார் ஆறியபின், இன்வேர்டர் கூலன்ட் மட்டத்தைப் புறப்படுமுன் பார்த்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, டயர்க் காற்றையும் சரிபாருங்கள்.